தகட்டுப் பெட்டியின் மூலையை கேட் (CAD, கணினி வரைபட) மென்பொருளில் வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நெல்லையில் பேட்டை தொழிற்பேட்டையிலும் கங்கைகொண்டான் பக்கமும் இருக்கிற தகட்டுப் பட்டறைகளுக்கு ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து வருகிறவர்களுக்கு மென்பொருள் நன்றாகவே தெரிகிறது. பெட்டி ஒன்று வரையச் சொன்னால் சீக்கிரமே வரைந்துவிடுகிறார்கள். திரையில் மூலை நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதே கோப்பு தகட்டை வெட்டுகிற லேசருக்குப் போய், மடிக்கிற பெண்டிங் மிஷினுக்குப் போய் வரும்போதுதான் ஒரு மூலை மூடாது, இன்னொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

மூலையின் வடிவத்தை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. எந்தச் சுவர் முதலில் மடங்குகிறது, மடங்கிய பிறகு மூலை எப்படி இணைகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள வரிசை முழுக்க அதை வைத்துத்தான் போகிறது.

உதாரணத்துக்கு ஒரே பெட்டியைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயற்காட்டு பம்ப்செட் அறைகளின் வெளிச்சுவரில் மாட்டுகிற ஸ்டார்ட்டர் பெட்டி. உயரம் 300 மிமீ, அகலம் 200, ஆழம் 80. எல்லாம் வெளி அளவு. தகடு 18 கேஜ் (கேஜ் என்பது தடிமனைக் குறிக்கும் எண்) சிஆர்சிஏ, அதாவது குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு, தடிமன் 1.2 மிமீ. முன்பக்கம் கதவு வரும்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை

முதலில் பெண்டிங் மிஷின் ஓட்டுகிற அண்ணாச்சியிடம் போய் நில்லுங்கள். மூன்று கேள்விகள் போதும்: இந்தத் தகட்டுக்கு எந்த வி டை போடுவீர்கள், பஞ்ச் செட்டில் என்னென்ன நீளத் துண்டுகள் இருக்கின்றன, பஞ்சின் உயரம் எவ்வளவு. வி டை என்பது கீழே இருக்கிற வி வடிவப் பள்ளம், பஞ்ச் மேலிருந்து தகட்டை அதற்குள் அழுத்துகிற கருவி.

வி டையைக் கேட்பது ஏனென்றால், வளைவின் உள் ரேடியஸ் அதிலிருந்துதான் வருகிறது. பஞ்ச் தகட்டைப் பள்ளத்தின் அடிவரை அழுத்தாத ஏர் பெண்டிங்கில் சாதாரண இரும்புத் தகட்டுக்கு உள் ரேடியஸ் வி வாயின் அகலத்தில் சுமார் 16 சதவீதம். 1.2 மிமீ தகட்டுக்கு வழக்கமாக தடிமனைப் போல 8 மடங்கு, அதாவது ஏறக்குறைய 10 மிமீ வி போடுவார்கள். ரேடியஸ் 1.6 மிமீ வந்துவிடும். நீங்கள் திரையில் 0.5 என்று போட்டாலும் மிஷின் 1.6-தான் கொடுக்கும்.

அதே வி தான் குறைந்தபட்ச மடிப்பையும் சொல்கிறது. மடிக்கிற ஓரம் வி அகலத்தில் ஏறக்குறைய 0.7 பங்காவது இருக்க வேண்டும். 10 மிமீ வி என்றால் 7 மிமீ. அதற்குக் குறைவான மூலை நாக்கை வரைந்தால் ஓரம் டைக்குள் விழுந்துவிடும்.

அடுத்து, வெட்டுவது லேசரா, ஷேரிங்கும் (நேராக வெட்டுவது) நாட்ச்சிங்குமா (மூலையைக் கத்தரிப்பது)? லேசர் என்றால் மூலையில் வட்டத் துளை போடலாம். நாட்ச்சிங் மிஷின் நேர்க்கோட்டு நாட்ச்தான் போடும். அதற்கு வட்ட ரிலீஃப் (மூலையில் தகடு கிழியாமல் இருக்க எடுக்கிற வெட்டு) வரைந்து அனுப்பினால் பட்டறையில் டிரில் போட ஒருவர் தனியாக உட்கார வேண்டும்.

கடைசியாக இணைப்பு. வெல்டிங்கா, ரிவெட்டா, சும்மா திறந்தே இருக்குமா? ‘அதை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மூலை வரைபடத்தில் பாதி அந்தப் பதில்தான்.

தகட்டை வெர்னியரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். கேஜ் என்று சொல்லி வருகிற தகடு சரியாக அந்த எண்ணில் இருக்கும் என்று நம்பி வரைவது வம்பு.

2. ஒரு துண்டை மடித்துப் பார்ப்பது

புதிதாக வருகிறவர்கள் தாண்டிக் குதிக்கிற படி இது. மென்பொருளில் கே ஃபேக்டர் (வளைவில் நீளம் மாறாத கோடு தடிமனில் எங்கே இருக்கிறது என்ற எண்) என்ற கட்டத்தில் ஏற்கனவே ஒரு எண் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த எண் உங்கள் மிஷினையும் உங்கள் தகட்டையும் பார்த்தது கிடையாது.

வேலைக்கு வந்த தகட்டிலேயே சரியாக 100 மிமீ நீளம், 30 மிமீ அகலத்தில் ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் 90 டிகிரி மடியுங்கள். மூலைமட்டம் வைத்து 90 தானா என்று பாருங்கள். 92-ல் நிற்கிற துண்டை அளந்தால் வருகிற எண் எதற்கும் உதவாது.

இப்போது இரண்டு கால்களையும் வெளிப்புறமாக அளந்து கூட்டுங்கள். 51.1 ஒன்று, 51.2 ஒன்று என்றால் மொத்தம் 102.3. இதில் 100-ஐக் கழித்தால் 2.3. இதுதான் பெண்ட் கழிவு. மென்பொருளில் பெண்ட் டிடக்‌ஷன் என்று இருக்கும். மென்பொருள் இதை நேரடியாக வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

கே ஃபேக்டர்தான் வேண்டும் என்று கேட்டால் இரண்டே கணக்கு. பெண்ட் அலவன்ஸ் (வளைவு எடுத்துக்கொள்கிற தகட்டு நீளம்) என்பது ரேடியஸையும் தடிமனையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, கழிவைக் கழித்தது: 2 × (1.6 + 1.2) − 2.3 = 3.3. அதை 1.5708-ஆல் வகுத்தால் 2.10. அதிலிருந்து ரேடியஸ் 1.6-ஐக் கழித்து, தடிமன் 1.2-ஆல் வகுத்தால் 0.42. இதுதான் உங்கள் கே.

பட்டையைத் தகட்டின் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டாக வெட்டி மடிப்பது நல்லது. மில்லில் உருட்டிய திசையைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும். பெட்டியில் இரண்டு திசையிலும் மடிப்பு வருவதால், இரண்டின் சராசரியைப் போட்டால் போதும்.

3. எண்களை முதலில் போடுவது

தடிமன் 1.2, ரேடியஸ் 1.6, கே 0.42. முதல் தகட்டை உருவாக்கும்போதே இந்த மூன்றையும் போட்டுவிடுங்கள். பின்னால் வருகிற ஒவ்வொரு சுவரும் இவற்றைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நடுவில் மாற்றலாமே என்று தோன்றும். மாற்றலாம். ஆனால் ஏதாவது ஒரு சுவருக்குத் தனி ரேடியஸ் கொடுத்துவிட்டு மறந்திருந்தால், பொது எண் மாறும்போது அந்தச் சுவர் மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும். ஒரு சுவரின் மூலைகள் மட்டும் சேராமல் போனால் கோப்பில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஃப்ரீகேட் என்ற மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் ஷீட்மெட்டல் வொர்க்பெஞ்சில் கே ஃபேக்டரை ஆன்சி (அமெரிக்கத் தரம்) முறை, டின் (ஜெர்மானியத் தரம்) முறை என்று இரண்டு விதமாகக் கொடுக்கலாம். டின் எண் ஆன்சி எண்ணைப் போல இரண்டு மடங்கு. மேலே கணக்கிட்ட 0.42 ஆன்சி எண். அதை டின் என்று வைத்தால் தட்டை வடிவம் ஒவ்வொரு மடிப்பிலும் சுமார் 0.4 மிமீ குறைந்துவிடும். ஓடும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

4. அடித்தகடு: உள் அளவா, வெளி அளவா

அடித்தகட்டை 300 × 200 செவ்வகமாக, ஆரிஜின் (வரைபடத்தின் பூஜ்யப் புள்ளி) நடுவில் வரும்படி வரையுங்கள். நடுவில் இருந்தால் ஒரு மூலையைச் சரி செய்துவிட்டு மற்றவற்றை மிர்ரர் பண்ணிக்கொள்ளலாம்.

சுவர் சேர்க்கும்போது மென்பொருள் அது எங்கே நிற்க வேண்டும் என்று கேட்கும். நமக்கு வேண்டியது ‘மெட்டீரியல் இன்சைடு’. சுவரின் வெளிமுகம் நாம் வரைந்த கோட்டிலேயே நிற்கும், பெட்டி 300 × 200 ஆகவே இருக்கும். ‘மெட்டீரியல் அவுட்சைடு’ என்றால் ஒவ்வொரு திசையிலும் 2.4 மிமீ பெரிதாகும். ‘பெண்ட் அவுட்சைடு’ என்றால் 5.6 மிமீ. கதவை வேறொருவர் வரைந்திருந்தால் இந்த 5.6 அங்கே போய்த்தான் தலைவலியாக வெடிக்கும்.

சுவர் உயரத்திலும் இதே குழப்பம் உண்டு. 80 என்பது அடித்தகட்டின் வெளிமுகத்திலிருந்தா, உள்முகத்திலிருந்தா, வளைவு முடிகிற இடத்திலிருந்தா என்று பார்த்து வெளி அளவைத் தேர்ந்தெடுங்கள்.

5. எந்தச் சுவர் எதை மூடுகிறது

வழிகாட்டியில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒன்று மற்றதன் ஓரத்தை மூடி நிற்கலாம். இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு வெளியே ஒரு பள்ளம் விடலாம். ஒன்று மற்றதன் பாதித் தடிமனை மட்டும் மூடலாம். சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளில் ‘க்ளோஸ்டு கார்னர்’ என்ற கட்டளையில் பட், ஓவர்லாப், அண்டர்லாப் என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் அது சொல்லாது.

ஸ்டார்ட்டர் பெட்டி மழையில் நிற்கப்போகிறது. மேல் சுவர் பக்கச் சுவர்களின் ஓரத்தை மூடினால் இணைப்புக் கோடு பக்கவாட்டில் வரும், தண்ணீர் வழிந்து போய்விடும். பக்கச் சுவர் மேல் சுவரை மூடினால் கோடு வானத்தைப் பார்க்கும். வெல்டிங்கில் ஊசித்துளை அளவு விட்டுப்போனாலும் அங்கே தண்ணீர் நின்று உள்ளே இறங்கும். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோர ஊருக்குப் போகிற பெட்டி என்றால் துரு அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பும். ஆகவே மேலும் கீழும் உள்ள சுவர்கள் மூடுபவை, பக்கச் சுவர்கள் இரண்டும் மூடப்படுபவை.

இது முடிவானதும் மடிக்கிற வரிசையும் முடிவாகிவிடுகிறது. மூடப்படுகிற சுவர் முதலில், மூடுகிற சுவர் கடைசியில். மூடுகிறதை முதலில் மடித்தால், அது ஒரு டிகிரி உள்ளே சாய்ந்திருந்தாலும் அடுத்த சுவர் எழும்பி வரும்போது அதில் உரசி நின்றுவிடும். கடைசியில் வருகிற சுவர் வெளியிலிருந்து வந்து மூடுவதால் முட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

மென்பொருளில் நான்கு ஓரத்தையும் ஒரே கட்டளையில் தேர்ந்தெடுக்கலாம்தான். நான் அப்படிச் செய்வதில்லை. பக்கச் சுவர் இரண்டும் ஒரு ஃபீச்சர், மேல் கீழ் இரண்டும் இன்னொரு ஃபீச்சர். மென்பொருளின் ஃபீச்சர் பட்டியலில் (ட்ரீ) உள்ள வரிசையும் மிஷின் வரிசையும் ஒன்றாக இருந்தால், பின்னால் கோப்பைத் திறக்கிறவருக்கு எது முதலில் மடங்கியது என்று கேட்காமலே தெரியும்.

இடைவெளி 0.3 மிமீ வைப்போம். மேல் சுவரின் அகலம் முழு 200. பக்கச் சுவரின் நீளம் ஒவ்வொரு முனையிலும் தடிமனும் இடைவெளியும் சேர்த்து 1.5 குறைந்து 297. டிக் வெல்டிங்குக்கு இந்த இடைவெளி சரியாக இருக்கும். 1.2 தகட்டில் 0.6-க்கு மேல் போனால் வெல்டர் ஓட்டையை அடைத்துக்கொண்டே இருப்பார்.

மிக் வெல்டிங் போட்டு கிரைண்ட் பண்ணுகிற பட்டறையாக இருந்தால் பாதி மூடுகிற மூலை வசதி. வெளியே அரைத் தடிமன் அளவுக்கு ஒரு படி நிற்கும், வெல்ட் அதில் உட்காரும், தேய்க்க வேண்டியது குறைவு. உள்விளிம்பில் மட்டும் தொடுகிற மூலை கனத் தகட்டுக்கு நல்லது. மெல்லிய தகட்டில் இரண்டு விளிம்பையும் நேராகப் பிடித்து நிறுத்துவதே பாடு.

இன்னொரு ஆசை பலருக்கும் வரும். மடித்த நிலையில் இரண்டு சுவரின் தடிமனையும் 45 டிகிரியில் சரிவாக வெட்டி, மரச்சட்டத்து மூலை மாதிரி சேர்த்துவிடலாம் என்று. திரையில் அழகாக இருக்கும். பட்டறைகளில் இருக்கிற சாதாரண லேசர் தகட்டுக்குச் செங்குத்தாகத்தான் வெட்டும், தடிமனில் சரிவு போடாது. அந்த மூலை டிஎக்ஸ்எஃப் (லேசருக்குப் போகிற தட்டை வரைபடக் கோப்பு) ஆகும்போது ஏதோ ஒரு விளிம்பாகச் சுருங்கிப் போகும். எந்த விளிம்பு என்பது அதிர்ஷ்டம்.

6. பஞ்ச் உள்ளே போகுமா

பக்கச் சுவர் இரண்டும் மடங்கியாகிவிட்டது. இப்போது மேல் சுவரை மடிக்க வேண்டும். பஞ்ச் அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில் இறங்கியாக வேண்டும். நடுவில் இருக்கிற இடம் 200-ல் இரண்டு தடிமன் போக 197.6 மிமீ.

துண்டு பஞ்ச் செட் வழக்கமாக 835 மிமீ வரும்: 10, 15, 20, 40, 50, 200, 300, அப்புறம் கொம்பு வைத்த 100 இரண்டு. ஒரு 100, கூடவே 50, 20, 15, 10 சேர்த்தால் 195. பக்கத்துக்கு 1.3 மிமீ மிச்சம். நன்றாகப் போகும். உங்கள் பட்டறைச் செட்டில் ஒரு துண்டு தொலைந்திருந்தால் கணக்கு மாறும். அதனால்தான் முதல் படியிலேயே கேட்கச் சொன்னது.

உயரமும் பார்க்க வேண்டும். மேல் சுவர் 90 டிகிரிக்கு வரும்போது அடித்தகடு 45 டிகிரி சாய்ந்து நிற்கும், பக்கச் சுவர்களும் கூடவே சாய்ந்து ராமை (பஞ்சைப் பிடித்திருக்கிற மேல் பகுதியை) நோக்கி ஏறும். முட்டாமல் இருக்க பஞ்சின் உயரம் சுவர் உயரத்தைப் போல 1.4 மடங்கு, அதோடு ராம் தடிமனில் பாதி இருக்க வேண்டும். 80-க்கு 113, அதன் மேல் ராமின் பாதி. பெட்டி ஆழத்தை ‘சும்மா 120 ஆக்கிடுங்க’ என்று வாடிக்கையாளர் சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

7. கதவு பக்கத்து உள் உதடு

கதவில் ரப்பர் பீடிங் உட்கார நான்கு சுவரின் நுனியிலும் உள்நோக்கி 15 மிமீ மடிப்பு வேண்டும். உதடுகள் நான்கும் ஒரே தளத்தில் இருப்பதால் அவற்றின் மூலையை 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கலாம். இது தகட்டின் தளத்திலேயே வருகிற வெட்டு, லேசருக்குப் பிரச்சினை இல்லை. நடுவில் 0.5 மிமீ விடுங்கள். பவுடர் கோட்டிங் சாதாரணமாக 60 முதல் 80 மைக்ரான் ஏறும், அதற்கும் இடம் இருக்கும்.

மடிக்கிற வரிசையில் உதடுகள்தான் முதலில், சுவர்கள் பிறகு. ஆனால் உதடு வந்ததுமே பழைய பஞ்ச் கணக்கு உடைகிறது. பக்கச் சுவர்களின் உதடுகள் உள்ளே 15, 15 நீட்டி நிற்பதால், மேல் சுவரை மடிக்கிற பஞ்சின் முனைகள் அவற்றில் மாட்டும். கீழே அகலமாகவும் மேலே ஒடுங்கியும் இருக்கிற கொம்புப் பஞ்ச் இரண்டு முனையிலும் வேண்டும்.

இரண்டு கொம்பும் சேர்ந்தாலே 200 மிமீ. நம்மிடம் இருக்கிற இடம் 197.6. போகாது!

பெட்டி அகலத்தை 220 ஆக்கினால் இடம் 217.6 ஆகும். கொம்பு இரண்டோடு 15 துண்டைச் சேர்த்தால் 215, முடிந்தது. பொருளுக்கு 20 மிமீ அதிகம் பெரிய செலவில்லை. 200-ஐ மாற்றவே முடியாது என்றால் மேல், கீழ் உதடுகளை மட்டும் வைத்துவிட்டு, பக்க உதடுகளைத் தனிப் பட்டையாக வெட்டி வெல்ட் பண்ண வேண்டியதுதான். இந்த முடிவை வரைபடம் போடும்போதே எடுத்தால் ஒரு அளவை மாற்றுகிற வேலை. தகடு வெட்டிய பிறகு என்றால் அத்தனை தகடும் பழைய இரும்புக் கடைக்கு.

உதடு இல்லாத 200 அகலப் பெட்டியையே கணக்குக்காகத் தொடர்வோம். எண்கள் எளிது.

8. கார்னர் ரிலீஃப்

இரண்டு மடிப்புக் கோடுகள் சந்திக்கிற இடத்தில் தகடு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளையப் பார்க்கும். அங்கே உலோகத்தை எடுக்காமல் விட்டால் கிழியும், இல்லையென்றால் புடைத்து நிற்கும். அதற்காகத்தான் ரிலீஃப்.

எவ்வளவு பெரிது? மடிப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் பெண்ட் அலவன்ஸில் பாதி, அதாவது 1.65 மிமீ வரை தகடு வளைகிறது. இரண்டு மடிப்பும் குறுக்கே போகிற இடம் 3.3 × 3.3 சதுரம். அந்தச் சதுரத்தை முழுதாக விழுங்குகிற வட்டம் 4.7 மிமீ விட்டம். 5 மிமீ போடுங்கள், மையம் மடிப்புக் கோடுகள் வெட்டிக்கொள்கிற புள்ளியில். 3 மிமீ போட்டாலும் மெல்லிய தகடு மடங்கிவிடும், ஆனால் மூலையடியில் சின்னப் புடைப்பு இருக்கும். சுவரோடு ஒட்டி மாட்டுகிற பெட்டி என்றால் அதனால் ஆடும்.

‘டேர்’ என்ற ரிலீஃப் திரையில் துளையே இல்லாமல் சுத்தமாக இருக்கும். அதன் இடைவெளி பூஜ்யம். லேசர் கதிருக்கே ஒரு அகலம் உண்டு, பூஜ்ய அகலத்தில் வெட்ட முடியாது. கோப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் போய்ச் சேரும், மிஷின் ஒரே இடத்தில் இரண்டு முறை ஓடும்.

நாட்ச்சிங் பட்டறைக்குச் சதுர ரிலீஃப்தான் வழி. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு), அலுமினியம் என்றால் சதுரத்தின் உள்மூலையிலிருந்து விரிசல் கிளம்ப வாய்ப்பு அதிகம். முடிந்தால் அவற்றை லேசருக்கே கொடுங்கள்.

மடித்த பின் மூலையடியில் தெரிகிற துளையை வெல்ட் அடைத்துவிடும். கீழ் மூலை இரண்டையும் தண்ணீர் வடியட்டும் என்று திறந்து விடுகிறவர்கள் உண்டு. வயற்காட்டுப் பெட்டிக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எறும்பு உள்ளே போய் கான்டாக்டரில் குடியேறிவிடும், மோட்டார் ஓடவில்லை என்று ஆள் வந்து பார்த்தால் பாயிண்ட் முழுக்க எறும்பு.

பெண்ட் ரிலீஃபை இதோடு குழப்பாதீர்கள். அது ஓரத்தின் பாதி நீளத்துக்கு மட்டும் மடிப்பு வரும்போது, மடிப்பு முடிகிற இடத்தில் போடுகிற வெட்டு. நம் பெட்டியில் அதற்கு வேலை இல்லை.

9. விரித்துச் சரிபார்ப்பது

மென்பொருள் விரித்துக் காட்டுகிற அளவைக் கையால் ஒருமுறை சரிபாருங்கள். நீளம்: 300 + 80 + 80 − 2.3 − 2.3 = 455.4. அகலம்: 200 + 160 − 4.6 = 355.4. இந்த எண் வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள். கே, ரேடியஸ், சுவர் நிலை மூன்றில் ஒன்று தவறு.

அடுத்து மூலை நாட்ச். மேல் சுவரின் முனை பக்கச் சுவரின் மடிப்புக் கோட்டைத் தாண்டி 1.15 நீட்டியிருக்கும், பக்கச் சுவரின் முனை மேல் சுவரின் மடிப்புக் கோட்டுக்கு 0.35 உள்ளே நிற்கும். ஆக நாட்ச் 77.7 × 79.2 வரும். சதுரம் இல்லை. ‘ஏதோ தப்பு, சதுரமாக்கிவிடுவோம்’ என்று டிஎக்ஸ்எஃப் கோப்பில் கையால் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மற்றதை மூடுகிற மூலை என்றால் அது சதுரமாக இருக்கவே கூடாது.

டிஎக்ஸ்எஃப் எடுக்கும்போது வெட்டுக் கோடுகள் ஒரு லேயர், மடிப்புக் கோடுகள் வேறு லேயர். லேசர் வேலையை வெளியே கொடுத்து வாங்குகிற சின்னப் பட்டறைகளில் இது ரொம்ப முக்கியம். அங்கே கோப்பைத் திறக்கிறவருக்கு உங்கள் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மடிப்புக் கோடும் வெட்டு லேயரில் இருந்தால் ஐந்து துண்டாகத் திரும்பி வரும். அலகு மிமீ தானா, வட்டங்கள் வட்டமாகவே இருக்கின்றனவா, ஸ்ப்லைன் என்ற வளைகோட்டுத் துண்டுகளாக உடைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

புதிய மூலை வடிவமாக இருந்தால், மூலையை மட்டும் முழு அளவில் பிரிண்ட் எடுத்து கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, வெட்டி மடித்துப் பாருங்கள். எது முதலில் மடங்க வேண்டும், எங்கே முட்டுகிறது என்று கையிலேயே தெரிந்துவிடும். வீட்டில் பழைய பத்திரிகைக்கு எப்படியும் பஞ்சம் இருக்காது.

மிஷினுக்குப் போகிற தாளில் மடிப்புகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண்ணும், மேலா கீழா என்ற திசையும், எந்த முகம் வெளியே வரும் என்பதும் இருக்கட்டும். அந்தத் தாளில் கே ஃபேக்டர் தேவையில்லை, வெளி அளவுகள் போதும்.

10. இதே மூலை எஸ்எஸ் ட்ரேயில்

நெல்லையில் தகட்டு வேலை செய்தால் எப்படியும் ஒரு அல்வாக் கடைக்காரர் ட்ரே கேட்டு வருவார். அதற்கு ஸ்டார்ட்டர் பெட்டியின் எண்களைத் தூக்கிப் போடாதீர்கள். 304 எஸ்எஸ் தகட்டுக்கு உள் ரேடியஸ் வி அகலத்தில் சுமார் 20 சதவீதம், 10 வி-யில் 2 மிமீ. திரும்பி விரிகிற குணமும் இரும்பைவிட அதிகம். புதிய துண்டு மடித்து புதிய கழிவு எடுத்தே ஆக வேண்டும்.

மூலையில் திறந்த துளை எதுவும் கூடாது. நெய்யும் பாகும் உள்ளே போய் உட்கார்ந்தால் கழுவ வழியில்லை. ரிலீஃபை முடிந்தவரை சின்னதாக வைத்து, வெல்ட் போட்டு உள்ளே தேய்த்துப் பாலிஷ் பண்ணுவது வழக்கம். விளிம்பை மடக்கி அழுத்துகிற ஹெம் போட்டால், அதன் முனைகளை மூலையில் கொஞ்சம் குறைத்து 45 டிகிரியில் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூலையில் நான்கு அடுக்கு தகடு சேர்ந்து மடங்க மறுக்கும்.

11. முதல் பெட்டியைப் பார்க்கும் விதம்

முதல் பெட்டி வெளியே வந்ததும் வெல்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூலை இடைவெளியை அடியிலிருந்து மேல்வரை பாருங்கள்.

அடியில் 0.3 இருந்து மேலே போகப் போக அகலமானால் சுவர் 90-க்கு வரவில்லை. கோப்பில் கை வைக்காதீர்கள், மிஷினில் கோணத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அடிமுதல் மேல்வரை ஒரே சீராக அதிகமாக இருந்தால் அடித்தகடு நீண்டுவிட்டது, உண்மையான பெண்ட் கழிவு நீங்கள் போட்டதைவிடப் பெரியது. ஒரே சீராக முட்டினால் கழிவு சிறியது. மிஷினின் பின்னால் தகட்டை நிறுத்துகிற பின் கேஜ் வைத்து மடிப்பதால் சுவர் உயரம் சரியாகவே வரும், பிழை முழுக்க அடித்தகட்டில் போய்ச் சேரும். ஆகவே அடித்தகட்டின் வெளி அளவை எடுத்தாலே கழிவை எவ்வளவு திருத்துவது என்று கிடைத்துவிடும்: 300-க்குப் பதில் 300.4 என்றால் இரண்டு மடிப்புக்கும் 0.2 வீதம், 2.3 என்பது 2.5 ஆக வேண்டும்.

நான்கு மூலையில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லையென்றால் தகடு பின் கேஜில் சாய்ந்து நின்றிருக்கிறது. சமமாக இருந்தும் அந்த மூலை சேரவில்லை என்றால்தான் கோப்புக்குத் திரும்பிப் போய், அங்கே சேருகிற சுவர் எதற்காவது தனி ரேடியஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.